மேரி கியூரி பெயர் வைத்த தனிமம் நம் வீட்டுக் காற்றில் கலப்பது எப்படி? ரேடான் வாயுவும் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையும்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு பார்க்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் புத்துமண். சங்கரநாராயண சுவாமி கோயிலில் மண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவார்கள், மிச்சத்தைப் பூஜை அறையில் பத்திரமாக வைப்பார்கள்.

எந்த ஊர் மண்ணாக இருந்தாலும் அதில் துளி யுரேனியம் இருக்கும். பத்து லட்சம் பங்கு மண்ணில் இரண்டு, மூன்று பங்கு என்பது உலகச் சராசரி. சங்கரன்கோவிலைச் சுற்றியிருக்கும் கரிசலும் சரி, பக்கத்துக் கழுகுமலைப் பாறையும் சரி, இதற்கு விலக்கு கிடையாது. நெற்றியில் வைக்கிற சிட்டிகை மண்ணால் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. யோசிக்க வேண்டியது நாம் படுத்துத் தூங்கும் வீட்டுக்கு அடியில் டன் கணக்கில் கிடக்கும் மண்ணைப் பற்றித்தான்.

அந்த மண்ணில் இருக்கும் யுரேனியம் மிக மெதுவாகச் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. ரேடான் ஒரு வாயு. நிறம் இல்லை, வாசம் இல்லை, ருசி இல்லை. தரையில் இருக்கும் விரிசல், குழாய் போன ஓட்டை என்று கிடைத்த வழியில் வீட்டுக்குள் ஏறிவிடும். ஜன்னல் திறந்திருந்தால் காற்றோடு போய்விடும். மூடியிருந்தால் அறைக்குள்ளேயே தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியான முக்கியக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த வாயுவைத்தான்.

இந்த வாயுவை அளக்கும் அலகின் பெயர், அளக்கும் முறையின் வேர், அது சிதையும்போது நுரையீரலைத் தாக்கும் தனிமத்தின் பெயர் என எதைத் தொட்டாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் போய் நிற்கிறது. அவர் மேரி கியூரி. ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாக எல்லோரும் படித்திருப்போம். ரேடானுக்கும் அவருக்கும் இருந்த உறவு அந்த ஒரு மார்க்கில் அடங்காது.

வார்சாவில் இருந்து பாரிஸ் வரை

1867 நவம்பர் 7-ல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார் மரியா ஸ்க்வோடோவ்ஸ்கா. அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யப் பேரரசு, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வார்சா ரஷ்யாவின் கையில் இருந்தது. அப்பா கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். அம்மா ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. மரியாவுக்குப் பத்து வயதாக இருக்கும்போது காசநோயில் அம்மா இறந்துபோனார்.

வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. அக்கா புரோன்யாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை, தங்கைக்கு அறிவியல் படிக்க ஆசை, வீட்டில் காசு இல்லை. இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் அக்கா பாரிஸ் போய்ப் படிக்க வேண்டும். தங்கை பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்ப வேண்டும். அக்கா தலையெடுத்ததும் தங்கையைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே நடந்தது. 1891-ல் மரியா பாரிஸ் வந்து மேரி ஆனார். 1893-ல் இயற்பியல் பட்டம், அதுவும் முதலிடத்தில். அடுத்த ஆண்டே கணிதத்திலும் பட்டம். 1895-ல் இயற்பியலாளர் பியர் கியூரியோடு திருமணம். தேனிலவுக்கு இருவரும் போனது சைக்கிளில்.

காற்றில் ஓடிய மின்சாரம்

1896-ல் யுரேனியம் உப்பில் இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருவதைப் பெக்கரல் கண்டுபிடித்தார். பெரிய பரபரப்பு எதுவும் எழவில்லை. எல்லோரும் எக்ஸ்ரே பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கைக்குழந்தையோடு முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த மேரி, யாரும் சீண்டாத அந்தக் கதிரைப் பிடித்துக்கொண்டார்.

பெக்கரல் புகைப்படத் தகட்டை வைத்துப் பார்த்தார். மேரி அளந்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கதிர் பட்டால் காற்று லேசாக மின்சாரத்தைக் கடத்தும். எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்தால் கதிர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆனா அந்த மின்னோட்டம் ரொம்பவே சிறியது. அதைப் பிடிக்க பியரும் அவருடைய அண்ணன் ஜாக்கும் முன்பே செய்து வைத்திருந்த குவார்ட்ஸ் கருவி கைகொடுத்தது. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் எடைக்கற்கள், எதிரே மின்மானியின் ஒளிப்புள்ளி. 1898 பிப்ரவரியில் அந்த அறையின் வெப்பநிலை 6 டிகிரி சொச்சம் என்று ஆய்வுக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. விரல் விறைக்கும் குளிரில் நடந்த வேலை.

இன்று வெளிநாட்டில் வீடுகளில் ரேடான் அளக்க வைக்கும் சில கருவிகளின் தத்துவம் இதேதான். எலெக்ட்ரெட் என்பது மின்னூட்டம் ஏற்றிய ஒரு டெஃப்லான் வில்லை. அதை ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்து அறையில் விட்டுவிடுவார்கள். டப்பாவுக்குள் நுழையும் ரேடான் சிதைந்து காற்றைக் கடத்தியாக்கும். வில்லையின் மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் கணக்கு. மேரி நிமிடக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ததை ஒரு டப்பா மாதக்கணக்கில் தானாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

இந்த அளவீட்டில்தான் தோரியமும் இதேபோலக் கதிர் வீசுவதை 1898-ல் மேரி கண்டார். ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். தோரியம் என்றால் நமக்கு அந்நியம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்தில் இருப்பது தோரியம்தான். அதில் இருந்தும் ஒரு வகை ரேடான் வரும். தோரான் என்று பெயர். ஆயுள் கம்மி, 56 விநாடிக்குள் பாதி காணாமல் போய்விடும். மண்ணுக்குள் இருந்து கிளம்பி வீட்டுக்குள் வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். யுரேனியத்தில் இருந்து வரும் ரேடான் அப்படி இல்லை. பாதியாகக் குறையவே 3.8 நாள் ஆகும். வந்து உட்கார அதற்கு நேரம் இருக்கிறது.

பெயர் இல்லாத நாட்டின் பெயரில் ஒரு தனிமம்

பிட்ச்பிளெண்ட் என்ற தாதுவை அளந்தபோது கணக்கு உதைத்தது. அதில் இருக்கும் யுரேனியத்துக்கு வர வேண்டியதைவிடக் கதிர் அதிகமாக வந்தது. அளவில் தப்பு என்று மேரி விட்டுவிடவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார். தாதுவுக்குள் இன்னொரு தனிமம் ஒளிந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். பியர் தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு மனைவியோடு சேர்ந்தார். 1898 ஜூலையில் யுரேனியத்தைவிட 400 மடங்கு வீரியமான ஒரு பொருள் கிடைத்ததை அறிவித்தார்கள். வரைபடத்தில் இல்லாத தன் நாட்டின் நினைவாக மேரி அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார். டிசம்பரில் ரேடியம். கதிரியக்கம் என்பதற்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஆங்கில, பிரெஞ்சுச் சொற்களும் இவர்கள் தந்தவைதான்.

ரேடியம் பிரபலமாகிவிட்டது. பொலோனியத்தை மறந்துவிட்டோம். ஆனா வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது பொலோனியத்தைத்தான்.

ஏன்? ரேடான் ஒரு மந்த வாயு, எதோடும் ஒட்டாது. மூச்சில் உள்ளே போனாலும் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். பிரச்சினை அது சிதையும்போது. அப்போது பிறப்பது வாயு அல்ல, திட உலோக அணு. முதலில் பிறப்பது பொலோனியம்-218. அறைத் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு போய் நுரையீரல் குழாயின் சுவரில் படிந்துவிடும். மூன்று நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். சிதையும்போது ஆல்ஃபா துகளைச் சுடும். அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி பொலோனியம்-214 வந்து இன்னொரு முறை சுடும். ஆல்ஃபா துகளை ஒரு தாளை நீட்டினாலே தடுத்துவிடலாம், தோலைத் தாண்டி வராது. ஆனால் நுரையீரல் சுவரில் உட்கார்ந்துகொண்டு சுட்டால் நடுவில் தாள் ஏது? நேராகச் செல்லின் மரபணுவில் அடி விழும்.

1898-ல் மேரி பிரித்தது பொலோனியம்-210. இதே குடும்பத்தின் கடைசித் தலைமுறை. அது இன்னொரு இடத்திலும் இருக்கிறது, புகையிலையில். காற்றில் மிதக்கும் ரேடான் சிதைந்து உண்டாகும் ஈயம் புகையிலைச் செடியின் இலை ரோமங்களில் படிகிறது. பாஸ்பேட் உரத்தில் இருந்தும் வருகிறது. அது பொலோனியம்-210 ஆக மாறி, புகையோடு உள்ளே போகிறது. பீடி சுற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் தென்காசி, நெல்லை வட்டாரத்தில் இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரே அளவு ரேடான் இருக்கும் இரண்டு வீடுகளில், புகைபிடிப்பவருக்கு இருக்கும் ஆபத்து புகைக்காதவருக்கு இருப்பதைவிடச் சுமார் 25 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரேடானால் வரும் ஆபத்தைக் குறைக்க முதல் வேலை என்ன என்று கேட்டால், வீட்டுக்குள் பீடியை அணைப்பதுதான்.

ஒழுகும் கொட்டகை

ரேடியம் இருப்பதாகச் சொன்னால் போதாது, எடுத்துக் காட்டு என்றார்கள் வேதியியலாளர்கள். அதற்குத் தாது வேண்டும். இன்றைய செக் நாட்டில் இருக்கும் யாக்கிமோவ் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் வெளியே கொட்டிக் கிடந்த கழிவு டன் கணக்கில் பாரிசுக்கு வந்து இறங்கியது. வேலை செய்யக் கிடைத்த இடம், மருத்துவ மாணவர்கள் ஒரு காலத்தில் பிணம் அறுத்துப் படித்த பழைய கொட்டகை. மழை பெய்தால் ஒழுகும். வெயிலில் வேகும். குளிர் காலத்தில் நடுங்கும்.

விஷவாயுவை வெளியேற்ற அங்கே புகைக்கூண்டு கிடையாது. அதனால் பெரிய பாத்திரங்களில் தாதுவைக் காய்ச்சிக் கிண்டும் வேலையை மேரி முற்றத்தில், வெட்டவெளியில் செய்தார். மழை வந்தால் உள்ளே தூக்கிப் போய், ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு தொடர்ந்தார். வசதி இல்லாததால் நேர்ந்த ஏற்பாடு. தாதுவில் இருந்து ரேடான் கிளம்பிக்கொண்டே இருந்திருக்கும். அப்படி ஒரு வாயு இருப்பதே அவருக்குத் தெரியாது. அது காற்றோடு போனதற்குக் காரணம் அந்தக் கொட்டகையின் ஏழ்மைதான். எல்லா வசதியும் உள்ள, இறுக மூடிய ஆய்வகம் கிடைத்திருந்தால் அதே வேலை அவர் நுரையீரலை இன்னும் மோசமாகச் சோதித்திருக்கும்.

நம்மூர்ப் பழைய வீடுகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முன்னால் தார்சா, நடுவில் முற்றம், ஓட்டுக்கூரையின் இடுக்குகள் என்று காற்று போய்வர நாலு வழி இருந்தது. இப்போது சங்கரன்கோவிலில் கட்டுகிற புது வீடுகளில் தளம் காங்கிரீட், தரை டைல்ஸ், படுக்கையறையில் ஏ.சி. வெயிலுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஏ.சி. போட்டால் ஜன்னல் மூட வேண்டும். சாதாரண ஸ்பிலிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. எட்டு மணி நேரம் அந்த அறையில் தூங்குகிறோம். சமையலறை கிரானைட் மேடையைப் பற்றித்தான் பலருக்குச் சந்தேகம் வருகிறது. அதில் இருந்து வருவது பொதுவாகச் சொற்பம். பெரிய வரவு தரைக்கு அடியில் இருந்துதான்.

1902-ல் மேரியின் கையில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு இருந்தது. நாலு வருட உழைப்பு. ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை.

ரேடியத்தின் பக்கத்தில் வைத்த பொருள்கள் எல்லாம் தாமும் கதிர் வீசத் தொடங்கியதை 1899-லேயே கியூரி தம்பதி கவனித்திருந்தார்கள். ரேடியத்தின் குணம் தொற்றிக்கொள்கிறது என்பது போலத்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். ரேடியத்தில் இருந்து ஒரு வாயு கிளம்புகிறது என்று 1900-ல் ஜெர்மனியின் டோர்ன் காட்டினார். தோரியத்தில் இருந்து அப்படி ஒன்று வருவதை ரூதர்ஃபோர்ட் அதற்கும் முன்பே பார்த்திருந்தார். அந்த வாயுவின் சிதைவுப் பொருள்கள் படிந்ததுதான் தொற்று மாதிரித் தெரிந்திருக்கிறது. நோபல் பரிசு வாங்கியவர்களுக்கும் கண்ணில் படாமல் போன வாயு இது. வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்றால் ஆச்சரியம் இல்லை.

1903 ஜூனில் மேரி முனைவர் பட்டம் பெற்ற நாள் இரவு, தோட்டத்தில் நண்பர்கள் கூடியிருந்தார்கள். ரூதர்ஃபோர்டும் இருந்தார். பியர் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். துத்தநாக சல்பைடு பூசிய குழாய், உள்ளே ரேடியம் கரைசல். இருட்டில் அது ஒளிர்ந்த வெளிச்சத்தில் பியரின் விரல்கள் வெந்து சிவந்திருந்ததை ரூதர்ஃபோர்ட் கவனித்தார். துத்தநாக சல்பைடு இன்றும் வேலையில் இருக்கிறது. லூகாஸ் செல் என்ற கருவியின் உட்சுவரில் அதைப் பூசி, அறைக் காற்றை உள்ளே இழுத்து, ரேடான் தட்டும் ஒவ்வொரு ஆல்ஃபாவுக்கும் மின்னும் பொட்டு வெளிச்சத்தை எண்ணுகிறார்கள்.

அந்த ஆண்டு இறுதியில் இருவருக்கும் பெக்கரலுக்கும் இயற்பியல் நோபல். அடுத்த ஆண்டு, 1904-ல், பியர் இரண்டு மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். எலிகளையும் கினி பன்றிகளையும் அடைத்து வைத்து ரேடானைச் சுவாசிக்க விட்டார்கள். அவை செத்துப் போயின. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ரத்தம் கட்டிக் கிடந்தது. வாயுவைக் கண்டுபிடித்த நாலாவது வருடத்திலேயே கிடைத்த எச்சரிக்கை இது. ஆனால் உலகம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ரேடான் கலந்த தண்ணீரை மருந்து என்று குடித்தார்கள், ரேடான் ஊற்றில் குளித்தார்கள். யாக்கிமோவில் 1906-ல் இதற்கென்றே குளியல் விடுதி வந்தது. அது இன்றும் நடக்கிறது.

கடுகளவு வாயுவுக்கு ஒரு பெயர்

1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிஸ் தெருவில் கால் வழுக்கி விழுந்த பியர் மேல் சரக்கேற்றிய குதிரை வண்டி ஏறியது. அந்த இடத்திலேயே உயிர் போனது. மேரிக்கு 38 வயது, இரண்டு பெண் குழந்தைகள். கணவர் நடத்திய வகுப்பை சோர்போன் பல்கலைக்கழகம் அவரிடம் கொடுத்தது. அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான்.

1910-ல் பிரசல்சில் கூடிய மாநாட்டில், கதிரியக்கத்துக்கு ஒரு அலகு வேண்டும், அதற்கு கியூரி என்று பெயர் வைக்கலாம் என்று முடிவானது. எவ்வளவு அளவு ஒரு கியூரி? நடைமுறைக்கு வசதியாக மிகச் சிறிய அளவாக இருக்கட்டும் என்பது குழுவில் எழுந்த யோசனை. மேரி ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை சின்ன அளவுக்குக் கியூரி என்ற பெயரா என்பது அவருடைய மனத்தாங்கல். முழு ஒரு கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும் ரேடானின் அளவே ஒரு கியூரி என்று சாதித்துக் காட்டினார்.

அலகு ரேடியத்துக்கு அல்ல, ரேடானுக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கிராம் ரேடியத்தோடு இருக்கும் ரேடான், கன அளவில் ஒரு கடுகுக்குக்கூடக் காணாது. ஆனால் அது வீசும் கதிர் விநாடிக்கு 3,700 கோடி சிதைவு. வீட்டில் இருக்கும் அளவைச் சொல்ல இது ரொம்பப் பெரிய படி. அதனால்தான் அமெரிக்காவில் பிகோகியூரி, அதாவது ஒரு கியூரியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று பிய்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி இருந்தால் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு. இந்தியா உட்படப் பல நாடுகள் பயன்படுத்தும் அலகில் சொன்னால் ஒரு கன மீட்டருக்கு 148 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் 100 பெக்கரல் என்று சொன்னது. முடியாத நாடுகளில் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்பது இதன் பின்னால் இருக்கும் கணக்கு.

1911-ல் பிரெஞ்சு அறிவியல் அகாதமி மிகச் சில வாக்கு வித்தியாசத்தில் அவரைச் சேர்க்க மறுத்தது. சொந்த வாழ்க்கையை வைத்துப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதே ஆண்டில் வேதியியலுக்கான நோபல் வந்தது. இரண்டு அறிவியல் துறைகளில் நோபல் பெற்ற முதல் ஆள்.

போர்க்காலத்தில் ரேடான்

1914-ல் முதல் உலகப் போர். பாரிஸ் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தன்னிடம் இருந்த ரேடியத்தைக் கனத்த ஈயப் பெட்டியில் வைத்து ரயிலில் போர்டோவுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார் மேரி. பிறகு எக்ஸ்ரே கருவி பூட்டிய வண்டிகளோடு போர்முனைக்குப் போனார். பதின்ம வயது மகள் ஐரீனும் கூடப் போனார். சின்ன கியூரிகள் என்று சிப்பாய்கள் அந்த வண்டிகளுக்குச் செல்லப்பெயர் வைத்தார்கள்.

இது பலரும் எழுதிய கதை. அதிகம் பேசாத இன்னொரு வேலை உண்டு. திரும்பக் கொண்டுவந்த அந்த ரேடியத்தில் இருந்து கிளம்பும் ரேடானை ஒரு பம்பால் உறிஞ்சி, மெல்லிய கண்ணாடிக் குழல்களில் அடைத்து, ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். ஆறாத புண்ணுக்கும் தழும்புக்கும் வைத்தியம் பார்க்க. மாடு கறப்பதுபோல, எடுக்க எடுக்க ரேடியத்தில் ரேடான் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்பின் பக்கத்தில் நின்று கறந்தவர்களில் மேரியும் ஒருவர்.

பாரிசில் எழுந்த ரேடியம் நிறுவனத்தில் பெரிய பெரிய ஜன்னல்கள் வேண்டும், சுற்றித் தோட்டம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டடம் முடிவதற்கு முன்பே மரக்கன்று நட்டார். ரோஜாவைத் தன் கையாலேயே வைத்தார். ஆனாலும் ரேடியத்தின் ஆபத்தை முழுசாக ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தன் கண்புரை, விரல்களின் புண் பற்றி அதிகம் வெளியே பேசவே இல்லை. பெற்ற பிள்ளை தப்பு செய்கிறது என்று யாராவது சொன்னால் சட்டென்று ஒப்புக்கொள்வார்களா?

1925-ல் மேரி யாக்கிமோவ் சுரங்கத்தைப் பார்க்கப் போனார். அந்த மலைத்தொடரின் இன்னொரு பக்கம் இருக்கும் ஷ்னீபெர்க் சுரங்கத்தில் தொழிலாளர்கள் நெஞ்சு நோயால் சாவது நூற்றாண்டுக் கணக்காக நடந்துவந்தது. மலை நோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது நுரையீரல் புற்றுநோய் என்று 1879-லேயே இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். காரணம் சுரங்கக் காற்றில் இருக்கும் ரேடான் என்பது உறுதியாகப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின. ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச முகமை வகைப்படுத்தியது 1988-ல்தான்.

மேரி 1934 ஜூலை 4-ல் இறந்தார். எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்ட சோகை நோய். 1995-ல் அவர் உடலைப் பாரிசின் பாந்தியன் நினைவிடத்துக்கு மாற்றத் தோண்டியபோது, சவப்பெட்டிக்குள் கதிரியக்கத்தை அளந்தார்கள். பயந்த அளவு இல்லை. ரேடியத்தைவிடப் போர்க்களத்து எக்ஸ்ரேதான் அவரைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம் என்று அளந்தவர்கள் சொன்னார்கள். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் இன்னும் ஈயப் பெட்டியில்தான் இருக்கின்றன.

சுரங்கத்தில் இருந்து வீட்டுக்கு

ரேடான் சுரங்கத்தின் பிரச்சினை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1950-களில் ஸ்வீடனில் வீடுகளுக்குள் அளந்து எழுதியபோதும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்ததுதான் எல்லோரையும் உலுக்கியது. கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் கதிரியக்கச் சோதனை வாசலைக் கடந்தபோது அலாரம் அடித்தது. வேலை முடிந்து வெளியே வரும்போது அல்ல, காலையில் வீட்டில் இருந்து உள்ளே வரும்போது! அவர் வீட்டில் அளந்தார்கள். 4 பிகோகியூரி எல்லை என்றால், அங்கே இருந்தது சுமார் 2,700. பக்கத்து வீட்டில் பிரச்சினை இல்லை. ரேடானின் குணம் அப்படி. அடுத்தடுத்த வீடுகளில்கூட அளவு மாறும். அளக்காமல் சொல்லவே முடியாது.

சரி, எப்படி அளப்பது? கரித்தூள் டப்பா வைத்தால் சில நாளில் முடிவு தெரியும். ஆனால் ரேடான் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை வைக்கும் ஆல்ஃபா தடக் கருவியே நம்பகமானது. அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தில் ஒவ்வொரு ஆல்ஃபாவும் ஒரு கீறல் போடும். பிறகு ரசாயனத்தில் கழுவி, நுண்ணோக்கியில் கீறல்களை எண்ணுவார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் ரேடானையும் தோரானையும் பிரித்து அளக்க ஊசித்துளை வைத்த டப்பா ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பல பல்கலைக்கழக இயற்பியல் துறைகள் வீடுகளில் ஆய்வுக்காக வைப்பது அதைத்தான். நம்மூரில் வீடு வாங்கும்போது பட்டா, வில்லங்கம் கேட்பதுபோல ரேடான் அளவு கேட்கிற வழக்கம் வரவில்லை.

சங்கரன்கோவில் மாதிரி ஊருக்கு நீண்ட நாள் சோதனைதான் பொருந்தும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் பூமி இது. சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஜன்னல் திறந்திருக்கும் ஆடியில் ஒரு வாரம் மட்டும் அளந்தால் எந்த வீடும் சுத்தமாகத்தான் தெரியும். மார்கழிப் பனிக்கு அடைத்து வைத்த அறையிலோ, சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடும் அறையிலோ கதை வேறாக இருக்கலாம். கருவியைத் தரைத்தளத்தில், அதிகம் புழங்கும் அறையில், முக்கியமாகப் படுக்கையறையில், மூச்சு விடும் உயரத்தில் வைக்க வேண்டும். அடுப்படியும் குளியலறையும் ஆகாது. ஜன்னலுக்கு நேர் எதிரேயும் வேண்டாம்.

அளவு கூடுதலாக வந்தால் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பது காசில்லாத வழி. தரை சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும் வெடிப்பு, குழாய் இறங்கும் ஓட்டை ஆகியவற்றைப் பூச வேண்டும். பூசுவது மட்டும் போதாது, அது துணை வேலைதான். உறுதியான வழி, தரைக்கு அடியில் ஒரு பி.வி.சி. குழாயை இறக்கி, மின்விசிறி வைத்து அங்கிருக்கும் காற்றை உறிஞ்சி, மொட்டை மாடிக்கு மேலே விட்டுவிடுவது. அதிக அளவு இருந்த வீடுகளையும் எல்லைக்குள் கொண்டுவர வெளிநாடுகளில் முதலில் செய்வது இதைத்தான்.

கட்டி முடித்த வீட்டில் இதற்குத் தரையைத் துளைக்க வேண்டும். இப்போதுதான் அஸ்திவாரம் எழும்புகிறது என்றால் வேலை சுலபம். பேஸ்மட்டம் நிரப்பும்போது மேலே ஒரு அடுக்கு ஜல்லி, அதற்கு மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் இருந்து மாடி வரைக்கும் ஒரு குழாய். இதைக் கொத்தனாரிடம் காங்கிரீட் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விசிறி இப்போதே வேண்டாம், அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் பிறகு மாட்டிக்கொள்ளலாம். அதுவரைக்கும் குழாயின் மேல் வாயில் பறவை கூடு கட்டாமல் ஒரு வலை கட்டி வைத்தால் போதும்.